வைரஸ் நுரையீரல் அழற்சியில் ஆக்சிஜன் அளவீடுகளும் நோய்ப்போக்கின் முன்கணிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

வைரஸ் நுரையீரல் அழற்சியால் தாக்குண்ட நோயாளருள் யாருக்கு நோய் முற்றும், யார் எளிதில் நலம்பெறுவர் என்பதை முன்கூட்டியே அறிவதற்கு ஆக்சிஜன் அளவீடுகள் பெரிதும் பயன்படுத்தப்படுகின்றன. விரல்நுனிக் கருவி காட்டும் செறிவு விழுக்காடு, தமனிக் குருதியின் ஆக்சிஜன் அழுத்தம், பி/எஃப் விகிதம், எஸ்/எஃப் விகிதம், ராக்ஸ் குறியீடு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவை ஒவ்வொன்றும் எதனை அளக்கின்றன, எதனை முன்னுரைக்கின்றன, எங்கே பிழைபடுகின்றன என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தனித்து நிற்கும் ஆக்சிஜன் எண் இறப்பை முன்னுரைப்பதில் வலுக்குறைந்தது என்பதும், அளிக்கப்படும் ஆக்சிஜன், மூச்சுவீதம், காலப்போக்கிலான மாற்றம், வயது ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கும்போதே அது பொருள்பெறுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: நுரையீரல் அழற்சி, ஆக்சிஜன் செறிவு, பல்ஸ் ஆக்சிமீட்டர், பி/எஃப் விகிதம், ராக்ஸ் குறியீடு, முன்கணிப்பு

முன்னுரை

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பரவிய கோவிட் பெருந்தொற்று, அதுவரை பெரும்பாலும் மருத்துவமனைகளிலேயே புழங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை வீட்டுப் பொருளாக மாற்றியது. 94 என்னும் எண்ணுக்கு மேலா, கீழா என்ற வினா, மருத்துவமனைக்குச் செல்வதா வீட்டிலேயே தங்குவதா என்பதை முடிவு செய்தது. இந்தியாவின் தேசிய சிகிச்சை நெறிமுறையும் அறை காற்றில் 90 முதல் 93 விழுக்காடு வரையுள்ள செறிவை நடுத்தர நோய் எனவும், 90 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்குவதைக் கடுமையான நோய் எனவும் வகுத்தது. படுக்கைகளும் ஆக்சிஜன் உருளைகளும் பற்றாக்குறையாக இருந்த 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் இந்த எண்கள் உயிர்காக்கும் வளங்களைப் பங்கிடும் அளவுகோலாகவே செயற்பட்டன.

இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கும் ஓர் அளவீடு எவ்வளவு நம்பத்தக்கது என்னும் வினா எழுவது இயல்பு. ஒரு நோயாளர் இப்பொழுது எந்நிலையில் உள்ளார் என்று கூறுவது வேறு. அவர் நாளை எந்நிலையில் இருப்பார் என்று கூறுவது வேறு. முன்னது அளவீடு, பின்னது முன்கணிப்பு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை உணராமையே ஆக்சிஜன் எண்களைத் தவறாகப் படிப்பதற்குக் காரணமாகிறது.

நோயின் இயல்பும் ஆக்சிஜன் குறைவும்

இன்ஃப்ளுயன்சா, சார்ஸ், கோவிட் முதலிய நோய்களை உண்டாக்கும் வைரசுகள் நுரையீரலின் நுண்காற்றறைகளைத் தாக்கும்போது, அவற்றின் மெல்லிய சுவர் அழற்சியுற்று உட்புறம் நீர் நிறைகிறது. காற்று புகாத அறைகளைச் சுற்றியும் குருதி ஓடிக்கொண்டே இருப்பதால், ஆக்சிஜனைப் பெறாத குருதி, பெற்ற குருதியோடு கலந்து தமனியை அடைகிறது. காற்றோட்டமும் குருதியோட்டமும் ஒன்றற்கொன்று பொருந்தாத இந்நிலையே ஆக்சிஜன் குறைவின் முதன்மைக் காரணம். ஆகவே, குருதியிலுள்ள ஆக்சிஜனின் அளவு, நுரையீரலின் எவ்வளவு பகுதி செயலிழந்தது என்பதை மறைமுகமாகக் காட்டுகிறது. முன்கணிப்புக்கு அது பயன்படுவதன் அடிப்படை இதுவே.

ஆனால் கார்பன் டை ஆக்சைடு எளிதில் ஊடுருவும் தன்மையுடையது. நோயுறாத அறைகள் விரைந்து இயங்கினால் அது போதிய அளவு வெளியேறிவிடும். மூச்சுத் திணறல் என்னும் உணர்வைத் தூண்டுவதில் கார்பன் டை ஆக்சைடின் பங்கே மிகுதி. ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 60 மி.மீ. பாதரசத்திற்குக் கீழ் இறங்கிய பின்னரே அதன் தூண்டல் வலுப்பெறுகிறது. இதனால் செறிவு வெகுவாகக் குறைந்த நிலையிலும் சிலர் பெரிய திணறலின்றிப் பேசிக்கொண்டிருந்தனர். அமைதியான ஆக்சிஜன் குறைவு என்று அழைக்கப்பட்ட இந்நிலை, நோயாளரின் உணர்வை மட்டும் நம்பாமல் கருவியைக் கொண்டு அளக்க வேண்டியதன் தேவையை உணர்த்தியது.

பல்ஸ் ஆக்சிமீட்டரும் அதன் எல்லைகளும்

பல்ஸ் ஆக்சிமீட்டரின் கோட்பாட்டை 1974ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியவர் சப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. ஆக்சிஜன் ஏற்ற ஈமோகுளோபினும் ஏற்காத ஈமோகுளோபினும் ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளியையும் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பொளியையும் விரல் வழியே செலுத்தி, நாடித்துடிப்போடு மாறுபடும் உறிஞ்சலை மட்டும் பிரித்தெடுத்தால் தமனிக் குருதியின் செறிவு கிடைக்கும். துடிப்பைக் கொண்டு தமனியைத் தசையிலிருந்தும் சிரையிலிருந்தும் பிரித்ததே அவோயாகியின் அரிய பங்களிப்பு.

இக்கருவியின் முதல் எல்லை ஈமோகுளோபினின் இயல்பிலேயே உள்ளது. ஆக்சிஜன் அழுத்தத்திற்கும் செறிவுக்கும் இடையிலான உறவு நேர்கோடன்று, வளைகோடு. அழுத்தம் 100இலிருந்து 70 மி.மீ. பாதரசமாகக் குறையும்போது செறிவு சில புள்ளிகளே இறங்கும். அழுத்தம் 60ஐ எட்டும்போது செறிவு ஏறத்தாழ 90 விழுக்காடாக இருக்கும். அதற்குக் கீழே வளைகோடு செங்குத்தாகச் சரிகிறது. எனவே 97இலிருந்து 93க்கு இறங்குவது சிறிய மாற்றமாகத் தோன்றினும், அதற்குள் நுரையீரல் தன் காப்பிருப்பில் பெரும்பகுதியை இழந்திருக்கக்கூடும்.

இரண்டாம் எல்லை தோலின் நிறம். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய வேளைகளில் தமனிக் குருதியின் உண்மைச் செறிவு 88 விழுக்காட்டிற்குக் கீழ் இருந்த நிகழ்வுகள் கறுப்பின நோயாளரிடம் 11.7 விழுக்காடாகவும் வெள்ளையின நோயாளரிடம் 3.6 விழுக்காடாகவும் காணப்பட்டன. ஒரே எண் இரு நோயாளருக்கு இரு வேறு பொருளைத் தந்தது. சிகிச்சையின் தொடக்கம் அந்த எண்ணைச் சார்ந்திருந்தபோது, கருவியின் பிழை சிகிச்சையின் காலத்தாழ்வாக மாறியது. கருமை மிகுந்த தோலுடையோர் பெருந்தொகையினராக வாழும் தென்னிந்தியா, இலங்கை போன்ற நிலப்பகுதிகளில் இச்செய்தி தனிக்கவனத்திற்குரியது.

குளிர்ந்த விரல், தாழ்ந்த குருதியழுத்தம், நகப்பூச்சு, விரலின் அசைவு ஆகியனவும் பிழைக்கு இடந்தருகின்றன. உயர்ந்த மலைப்பகுதிகளில் வாழ்வோரின் இயல்பான செறிவே குறைந்திருக்கும். கடல்மட்டத்தில் வகுத்த வரம்பெண்ணை அங்கே அப்படியே பொருத்த இயலாது.

ஓய்வுநிலையில் இயல்பாகத் தோன்றும் செறிவு சிறிதளவு உடலுழைப்பில் வீழ்வதும் உண்டு. ஒரு மணித்துளி எழுந்தமர்தல், நாற்பது அடி நடத்தல் போன்ற எளிய பயிற்சிக்குப் பின் செறிவு 3 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைவது, மறைந்துள்ள பாதிப்பின் எச்சரிக்கையாகக் கொள்ளப்படுகிறது. எனினும் ஓய்விலேயே செறிவு குறைந்தவரிடம் இச்சோதனையைச் செய்தல் தகாது.

அளிக்கப்படும் ஆக்சிஜனைக் கணக்கில் கொள்ளுதல்

செறிவு எண் தன்னளவில் முழுமையற்றது. அறை காற்றில் 95 விழுக்காடு பெறுபவரும், முகமூடி வழியே 60 விழுக்காடு ஆக்சிஜன் ஏற்று 95 பெறுபவரும் ஒரே நிலையினர் அல்லர். இவ்வேறுபாட்டை வெளிக்கொணரவே விகிதங்கள் உருவாயின. தமனிக் குருதியின் ஆக்சிஜன் அழுத்தத்தை, உள்ளிழுக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனின் பின்னத்தால் வகுத்துப் பெறுவது பி/எஃப் விகிதம். அழுத்தம் 70 மி.மீ. பாதரசம் உள்ள ஒருவர் அறை காற்றை மூச்சிழுத்தால் விகிதம் 333. பாதிக்குப் பாதி ஆக்சிஜன் கலந்த காற்றை மூச்சிழுத்தால் 140. முன்னவரின் நிலை கண்காணிப்புக்குரியது; பின்னவரின் நிலை பேரிடருக்குரியது.

2012இல் வெளியான பெர்லின் வரையறை, கடும் மூச்சுத்திணறல் நோய்க்குறித்தொகுப்பை இவ்விகிதத்தின் அடிப்படையில் மூன்றாகப் பகுத்தது. 200க்கு மேல் 300 வரை மிதமானது. 100க்கு மேல் 200 வரை நடுத்தரமானது. 100 அல்லது அதற்குக் கீழ் கடுமையானது. நாலாயிரத்திற்கும் மேற்பட்ட நோயாளரின் தரவுகளில் இவற்றின் இறப்பு வீதம் முறையே 27, 32, 45 விழுக்காடாக அமைந்தது. படிநிலை தெளிவாகவே உள்ளது. ஆயினும் அதே ஆய்வில், இறப்போரையும் பிழைப்போரையும் வேறுபடுத்தும் திறனைக் குறிக்கும் பரப்பளவு மதிப்பு 0.577 மட்டுமே. நாணயத்தைச் சுண்டி முடிவு செய்வதற்கு நிகரான மதிப்பு 0.5 என்பதை நினைவிற்கொண்டால் இதன் பொருள் விளங்கும். குழுக்களுக்கிடையே வேறுபாட்டைக் காட்டும் அளவீடு, தனிமனிதரின் முடிவை உரைக்கும் ஆற்றலையும் பெற்றிருக்கும் என்று கொள்ளுதல் பிழை.

பி/எஃப் விகிதத்திற்கு மற்றொரு குறையும் உண்டு. விரைந்து மூச்சிழுப்பவர் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றித் தம் தமனி ஆக்சிஜனை ஓரளவு உயர்த்திக்கொள்கிறார். அறை காற்றில் இருவருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் 75 என்று கொள்வோம். ஒருவரின் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 40, மற்றவருக்கு 25. நுண்காற்றறைச் சமன்பாட்டின்படி முன்னவரின் அறைகளில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 100, பின்னவருக்கு 118. அறைக்கும் தமனிக்கும் உள்ள இடைவெளி முன்னவருக்கு 25ஆகவும் பின்னவருக்கு 43ஆகவும் அமைகிறது. பி/எஃப் விகிதம் இருவருக்கும் ஒன்றே. நுரையீரலின் பழுதோ ஒன்றன்று.

வளங்குறைந்த இடங்களில் அளவீடு

தமனிக் குருதியை எடுத்துப் பகுப்பாய்வு செய்யும் வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. ஆகவே ஆக்சிஜன் அழுத்தத்திற்கு மாற்றாக விரல்நுனிச் செறிவைக் கொண்டு எஸ்/எஃப் விகிதம் கணக்கிடப்படுகிறது. பி/எஃப் 300க்கு ஏறத்தாழ 315ஐயும், 200க்கு 235ஐயும் இணையாகக் கொள்ளலாம் என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. செறிவு 97 விழுக்காட்டிற்கு மேல் இருக்கும்போது வளைகோடு தட்டையாகிவிடுவதால் இவ்விணைப்பு பயன்படாது.

இம்மாற்றத்தின் சிறப்பை உருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் நடந்த ஆய்வு புலப்படுத்தியது. 2016இல் வெளியான அவ்வாய்வில், மருத்துவமனையில் சேர்ந்த 1,046 பேருள் 42 பேர், எஸ்/எஃப் விகிதத்தை ஏற்றுக்கொண்ட திருத்திய வரையறைக்குப் பொருந்தினர். அவர்களுள் பாதிப்பேர் இறந்தனர். ஆனால் மூச்சுக் கருவியையும் தமனிக் குருதிச் சோதனையையும் வேண்டும் பெர்லின் வரையறைக்கு அவர்களுள் ஒருவர்கூடப் பொருந்தவில்லை. கருவி இல்லாத இடத்தில் நோயும் இல்லையெனக் கூறும் வரையறை, ஏழை நாடுகளின் இறப்புகளைக் கணக்கிலிருந்தே மறைத்துவிடும். 2024இல் வெளியான புதிய உலகளாவிய வரையறை எஸ்/எஃப் விகிதத்தை ஏற்றுக்கொண்டமை இந்நோக்கில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.

ராக்ஸ் குறியீடும் காலப்போக்கும்

மூக்குவழி மிகுவேக ஆக்சிஜன் பெறும் நோயாளருள் யாருக்குச் செயற்கை மூச்சுக் குழாய் தேவைப்படும் என்பதை முன்னறிவது கடினம். தேவையின்றிக் குழாய் செலுத்துவது தீங்கு. தேவையானவருக்குத் தாழ்த்துவது அதனினும் தீங்கு. தென்கொரியாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், இம்முறை பயனளிக்காமற்போன நோயாளருள் 48 மணி நேரத்திற்குள் குழாய் செலுத்தப்பட்டவர்களின் இறப்பு 39.2 விழுக்காடாகவும், அதற்குப் பின் செலுத்தப்பட்டவர்களின் இறப்பு 66.7 விழுக்காடாகவும் இருந்தன.

இச்சிக்கலுக்கு விடையாக ஓரியோல் ரோக்காவும் உடனாய்வாளர்களும் உருவாக்கியதே ராக்ஸ் குறியீடு. எஸ்/எஃப் விகிதத்தை ஒரு மணித்துளியின் மூச்சு எண்ணிக்கையால் வகுத்து இது பெறப்படுகிறது. 2019இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, சிகிச்சை தொடங்கிய 2, 6, 12 மணி நேரங்களில் குறியீடு 4.88 அல்லது அதற்கு மேல் இருப்பின் குழாய் தேவைப்படும் வாய்ப்புக் குறைவு. இரண்டாம் மணியில் 2.85க்கும், ஆறாம் மணியில் 3.47க்கும், பன்னிரண்டாம் மணியில் 3.85க்கும் கீழ் இருப்பின் வாய்ப்பு மிகுதி.

ஓர் எடுத்துக்காட்டு இதன் பயனை விளக்கும். ஒருவர் 60 விழுக்காடு ஆக்சிஜனில் 92 செறிவுடன் மணித்துளிக்கு 30 முறை மூச்சிழுக்கிறார் எனில் அவரது குறியீடு 5.11. சிகிச்சையின் ஆறாம் மணியில், 80 விழுக்காடு ஆக்சிஜனில் அதே 92 செறிவுடன் 34 முறை மூச்சிழுக்கிறார் எனில் குறியீடு 3.38. விரல்நுனிக் கருவி இருமுறையும் 92 என்றே காட்டியது. அந்த எண்ணை மட்டும் குறித்துவைத்த செவிலியரின் பதிவேட்டில் நோயாளர் மாற்றமின்றி இருக்கிறார். உண்மையில் அவர் வேகமாகச் சரிந்துகொண்டிருக்கிறார். கருவியேதும் தேவையற்ற மூச்செண்ணிக்கையே பெரும்பாலும் கவனமின்றிப் பதிவு செய்யப்படுகிறது என்பது இங்கு எண்ணத்தக்கது.

முன்கணிப்பின் எல்லைகள்

ஆக்சிஜன் எண்கள் இறப்பை எவ்வளவு தூரம் முன்னுரைக்கின்றன என்பதற்குப் பிரித்தானியாவில் உருவாக்கப்பட்ட 4சி இறப்பு மதிப்பெண் நல்ல சான்று. 2020இல் வெளியான அது வயது, பாலினம், இணைநோய்கள், மூச்சுவீதம், ஆக்சிஜன் செறிவு, உணர்வுநிலை, யூரியா, சி-எதிர்வினைப் புரதம் ஆகிய எட்டு மாறிகளைக் கொண்டது. மொத்த மதிப்பெண் 21. அறை காற்றில் செறிவு 92க்குக் கீழ் இருந்தால் 2 மதிப்பெண். 80 வயது நிரம்பியவருக்கு வயதிற்கு மட்டும் 7 மதிப்பெண். மூன்று அல்லது அதற்குக் கீழ் பெற்றோரின் இறப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு. 15 அல்லது அதற்கு மேல் பெற்றோரின் இறப்பு 60 விழுக்காட்டிற்கும் மேல். ஆக்சிஜனுக்கு இதில் இடம் உண்டு, தலைமையிடம் இல்லை.

ஆக்சிஜன் எண்ணை உயர்த்துவதே உயிரைக் காப்பது என்னும் கருத்தும் ஆய்வுக்குரியது. 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 861 நோயாளர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவினருக்கு மூச்சுக் கருவியின் வழி உடல் எடைக்கேற்பக் குறைந்த அளவுக் காற்றும், மறு குழுவினருக்கு வழக்கமான மிகுதி அளவும் அளிக்கப்பட்டன. தொடக்க நாட்களில் குறைந்த அளவு பெற்றோரின் பி/எஃப் விகிதம் மற்றவரினும் தாழ்ந்தே இருந்தது. ஆனால் இறப்பு அவர்களிடம் 31.0 விழுக்காடு, மற்றவரிடம் 39.8 விழுக்காடு. எண் சிறந்த குழுவில் இறப்பு மிகுந்தது. மிகுதியான காற்று ஆக்சிஜனை உயர்த்திய அதே வேளையில் நுரையீரலைக் கிழித்தும் காயப்படுத்தியும் வந்தது. நோயின் அடையாளத்தைத் திருத்துவது நோயைத் திருத்துவதாகாது.

முறையியல் சார்ந்த மற்றொரு சிக்கலும் கருதத்தக்கது. பல ஆய்வுகள் குழாய் செலுத்துதலையே நோய்முற்றலின் அடையாளமாகக் கொள்கின்றன. ஆனால் குழாய் செலுத்தும் முடிவை எடுக்கும் மருத்துவர் அதே ஆக்சிஜன் எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கிறார். காரணத்தையும் விளைவையும் ஒரே எண் தீர்மானிக்கும் இச்சுழலில், அளவீட்டின் முன்கணிப்புத் திறன் உண்மையினும் மிகுதியாகத் தோன்ற வாய்ப்புண்டு. படுக்கைப் பற்றாக்குறையால் குழாய் செலுத்தப்படாமலேயே இறப்பவர்களைக் கணக்கில் எவ்வாறு சேர்ப்பது என்பதும் தெளிவுபடுத்தப்பட வேண்டும்.

சிகிச்சையைத் தேர்தலில் ஆக்சிஜனின் பங்கு

இறப்பை முன்னுரைப்பதில் ஆக்சிஜன் அளவீடு வலுக்குறைந்ததாயினும், சிகிச்சையைத் தேர்வதில் அதன் பயன் ஐயத்திற்கிடமற்றது. 2020இல் வெளியான ரெக்கவரி ஆய்வில் டெக்சாமெத்தசோன் மருந்து மூச்சுக் கருவியிலிருந்தோரின் 28 நாள் இறப்பை 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைத்தது. கருவியின்றி ஆக்சிஜன் மட்டும் பெற்றோரிடம் 26.2 விழுக்காடு 23.3 ஆயிற்று. ஆக்சிஜன் தேவைப்படாதோரிடமோ மருந்து பெற்றவர்களின் இறப்பு 17.8 விழுக்காடாகவும் பெறாதவர்களின் இறப்பு 14.0 விழுக்காடாகவும் இருந்தன. அவர்களுக்குப் பயன் காணப்படவில்லை. ஒரே மருந்து பயன்தருமா என்பதை ஆக்சிஜன் தேவையே பிரித்துக் காட்டியது. செறிவு நன்றாக உள்ளபோதே அச்சத்தால் இம்மருந்தை உட்கொள்வது ஏன் தகாதது என்பதும் இதனால் விளங்கும்.

முடிவுரை

ஆக்சிஜன் அளவீடு நுரையீரலின் இன்றைய நிலையைக் காட்டுவது. எதிர்காலத்தை அது ஓரளவே உணர்த்தும். அறை காற்றிலா, அளிக்கப்பட்ட ஆக்சிஜனிலா என்பதைக் குறிக்காத செறிவு எண் பொருளற்றது. மூச்சுவீதமின்றி அது அரைகுறையானது. ஒருமுறை எடுத்த அளவைவிட, மணிக்கணக்கில் தொடர்ந்து எடுத்த அளவுகளின் போக்கே நம்பத்தக்கது. அடுத்த சில மணி நேரத்தில் யாரை நெருங்கிக் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு ஆக்சிஜன் சார்ந்த குறியீடுகள் துணைபுரிகின்றன. யார் பிழைப்பார் என்பதற்கு வயது, இணைநோய்கள், பிற உறுப்புகளின் நிலை ஆகியனவும் சேர்ந்தே விடையளிக்கின்றன.

வரம்பெண்ணை ஒட்டி நிற்கும் நோயாளரிடம் கருவியின் பிழையையும் தோலின் நிறத்தையும் கருத்திற்கொண்டு, ஐயமுள்ளபோது தமனிக் குருதியைச் சோதித்தல் நலம். தென்னாசியத் தோல் நிறங்களை உள்ளடக்கி, விரல்நுனிச் செறிவையும் தமனிச் செறிவையும் ஒப்பிடும் ஆய்வுகள் இப்பகுதியின் மருத்துவக் கல்லூரிகளில் பெருக வேண்டும். வளங்கள் குறைந்த வேளையில் ஓர் எண்ணின் ஒரு புள்ளி வேறுபாடு ஒருவருக்குப் படுக்கையைத் தருவதும் மற்றொருவருக்கு மறுப்பதுமாக அமைகிறது. அப்புள்ளியின் நம்பகத்தன்மையை அறிவது அறிவியல் கடமை மட்டுமன்று, அறக்கடமையுமாகும்.